ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்

மூன்று வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது, மற்ற எந்த எண் வந்தாலும் கையிலிருக்கும் பித்தானை அழுத்த வேண்டும், இவ்வளவுதானே, இதைச் சொல்ல அந்த டெக்னீஷியன் ஜெரால்டு எதற்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டான் என்று வனஜாட்சி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று வந்தது, அழுத்திவிட்டாள். அடச்சீ. யாரும் பார்க்கவில்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது, பார்ப்பதற்காகத்தானே இப்படிப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று அடுத்த கணம் உறைத்தது. ஏழு, அழுத்தினாள். ஒன்று, அழுத்தினாள். ஸ்கேன் குழாய்க்குள் தலையை ஒரு கூண்டில் பூட்டி, காதில் பஞ்சை அடைத்து, கண்ணுக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில்தான் எண்கள் வந்து வந்து போயின. நாலு. எட்டு. சத்தமோ சொல்ல வேண்டாம், மிளகாய் மில்லுக்குள் தலையை விட்டது போல. இந்தச் சத்தத்தில் ஆராய்ச்சி வேறு, கவன ஆராய்ச்சி. வயதானவர்களின் மூளையில் கவனம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்களாம். நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவள் கணவர் தாயுமானவன். இவள் நோயாளி இல்லை. கூட இருக்கிற, அதே வயதுக்காரியான, அதே சாப்பாடு சாப்பிடுகிற, மறதி இல்லாத ஆள். "ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மூளை வேணும்மா, உங்களைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பாங்க?" என்று டாக்டர் நசீமா சிரித்தபோது இவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? அந்தச் சிரிப்பு இன்னும் வயிற்றில் செரிக்காமல் கிடக்கிறது. இரண்டு. ஆறு. மூன்று. விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நல்ல வேளை.

கழுத்து அரித்தது. தங்கம் ஆகாது என்று ஜெரால்டு சொல்லிவிட்டதால் ஒரு மஞ்சள் கயிற்றை முதலில் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் தாலிச் சங்கிலியைக் கழற்றினாள், வெறுங்கழுத்தாக ஒரு நொடிகூட இருக்கக் கூடாதாம், அது ஒரு கணக்கு. ஈரக் கயிறு, மஞ்சள் வாடை மூக்கில் ஏறியது, சொறிய முடியாது, அசையக் கூடாது. கழற்றின சங்கிலியை அவரிடம் நீட்டியபோது அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்கிட்ட வேணாம் வனஜா. நான் எங்கேயாவது வெச்சிடுவேன்." சாதாரணமாகத்தான் சொன்னார், இன்றைக்கு மழை வரும்போல என்கிற மாதிரி. இவள் அதை ஜெரால்டிடம் கொடுத்துவைத்தாள். யார் சொல்கிறார் பாருங்கள், சத்திரம் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்த மனிதர், எந்த வண்டி எந்தத் தடத்தில் எப்போது கிளம்பியது, எந்த டிரைவர் டீ குடிக்கப் போய்த் தாமதமாக்கினான் என்பதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் சொன்னவர். அந்த மனிதருக்கு ஒரு சங்கிலியைச் சட்டைப் பையில் வைத்திருக்கத் தைரியமில்லை. ரோட்டைக் கடக்கும்போது இவள் கையைப் பார்க்கிறார். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "நான் சாப்ட்டேன் இல்ல?" என்று கேட்கிறார். சாப்பிட்டது அவருக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கிறார், தெரிந்ததைத் தானே நம்பக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவைக் கட்டிக்கொடுத்தது யார்? ஐந்து. அழுத்து. ஒன்பது. அழுத்து. யார்?

டாக்டரம்மா நல்ல மாதிரி, விஷயத்தைப் புரியும்படி சொல்கிற பெண். மூளையில் ஒரு பகுதி கவனமாக வேலை பார்க்கும், இன்னொரு பகுதி சும்மா இருக்கும்போது கதை பேசும், பழசை நினைக்கும், நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று கணக்குப் போடும். சின்ன வயசில் கவனப் பகுதி பேச ஆரம்பித்தால் கதைப் பகுதி வாயை மூடிக்கொள்ளும். வயசாக ஆக அந்தக் கதைப் பகுதி வாயை மூடுவதில்லை, இரண்டுக்கும் நடுவே இருக்கிற தொடர்பு பழைய மாதிரி இருப்பதில்லை, அதைத்தான் படம் பிடிக்கப் போகிறோம் என்றாள். வனஜாட்சிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை, தொலைபேசி நிலையத்தில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்தவள் அவள். பலகை முழுக்கக் குட்டி விளக்குகள், கையில் இணைப்புக் கயிறுகள், காதில் பத்துப் பேர். கரூர் ஜவுளிக்கடைக்காரர், பம்பாயில் இருக்கும் பிள்ளைக்காக அழுகிற அம்மா, அவசரம் அவசரம் என்று கத்துகிற போலீஸ்காரர். மழை பெய்து கேபிளில் ஈரம் இறங்கினால் ஒரு லைனில் பேசுவது இன்னொரு லைனில் கேட்கும், சாவுச் செய்தி சொல்கிற இடத்தில் எவனோ பருத்தி விலை பேசுவான். அந்த இரைச்சலிலும் அவள் ஒரு தப்பு இணைப்புக் கொடுத்ததில்லை. சூப்பர்வைசர் புதுப்பெண்களைக் கூட்டிவந்து இவள் பின்னால் நிறுத்தி, கையைப் பாருங்கடி என்பாள். அந்தக் கைதான். அந்தக் கை என்றைக்கும் தப்புப் பண்ணாது என்று அவளும் நம்பினாள், வீட்டில் எல்லோரையும் நம்ப வைத்தாள், அதுதான் வினை. ஆக, ஈரம் இறங்கிவிட்டது, கேபிள் பழசாகிவிட்டது, வயசு. வயசுதான் காரணம் என்றால் அதில் யார் குற்றம்? டாக்டரே சொல்லிவிட்டாள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு எண்கள் வந்து போய்விட்டன, அழுத்தினாளா என்று தெரியவில்லை.

தை அமாவாசை. அவர் விடிகாலையில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போய் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு, வெறும் வயிற்றோடு வந்தார். வந்ததும் சாப்பிடத்தானே போகிறார் என்று சர்க்கரைக்கான இன்சுலின் பேனா ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுவிட்டாள், தினமும் அப்படித்தான், ஊசி போட்டால் உடனே தட்டு. ஆனால் அன்றைக்கு முதலில் காக்கைக்கு வைக்க வேண்டும், காக்கை தின்ற பிறகுதான் மனிதர்கள். அது மண்டையில் ஏறவே இல்லை. சோற்றையும் பருப்பையும் நெய்யோடு பிசைந்து மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிட்டாள். ஊரே சோறு வைக்கிற நாளில் காக்கைக்கு எங்கே பசி? அடுத்த மாடிச் சுவரில் ஒன்று உட்கார்ந்து, வந்த சம்பந்தியைப் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வடையைப் பிட்டு வைத்தாள், கெஞ்சினாள். அதற்குள் காரைக்குடியிலிருந்து தங்கச்சி போன். அவள் மகனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள், பெண் வீட்டார் மண்டபம் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள், அதற்குத் தங்கச்சி புருஷன் ஏதோ சொல்லிவிட்டார், பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே காக்கை வந்து தின்றது. அப்பாடா என்று கீழே ஓடி, இலை போட்டு, பரிமாறி, அவரை உட்காரவைத்து... இங்கேதான். எத்தனை தடவை நினைத்தாலும் இந்த இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. தட்டுக்கு முன்னால் ஊசி. கை தானாகப் போய்ப் பேனாவை எடுத்தது. தலை முழுக்கக் கல்யாண மண்டபம். அவர் அண்ணாந்து பார்த்தார். "என்ன, இன்னொன்னா?" என்று கேட்டார். கேட்டார்! "எல்லாம் எனக்குத் தெரியும், பேசாம உக்காருங்க" என்று இவள் ஒரு அதட்டு அதட்டினாள். அவர் பனியனைத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு சாதுவாகத் தூக்கிக் காட்டினார்.

பாயசத்துக்கு வருவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது, இலை மேலேயே சாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருந்தது. அவசரப் பிரிவில் ஒரு இளைய டாக்டர், கண்ணில் தூக்கம், "யாரும்மா ஊசி போட்டது? எத்தனை தடவை?" என்று கேட்டான். "நான் ஒரு தடவைதான் சார் போட்டேன். அவரே மறந்துபோய் இன்னொரு தடவை போட்டுக்கிட்டிருப்பார்." சொன்னது அவள் வாய். சத்தியமாக அப்போது அவளுக்கு ஞாபகம் இல்லை, மாடிக்குப் போனதும் காக்கையும்தான் மனதில் இருந்தது, இரண்டாவது ஊசி மனதில் எங்கேயுமே இல்லை. அதுவரைக்கும் அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் கால் முளைத்து நடந்தது. பூனாவிலிருந்து மகன் மதிவாணன் ஓடிவந்தான், "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது, நான் போன தடவையே கவனிச்சேன்" என்றான். அவன் எதைக் கவனித்தான்? ஸ்கூட்டர் சாவி மகன் பையில் போயிற்று. காய்கறி வாங்கப் போவது நின்றது. மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்தார் என்றால், பார்த்தியா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதுவரை முப்பது வருஷமாக அவர் கண்ணாடியை மறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தார், யாரும் பொருட்படுத்தியதில்லை. படுக்கையில் கண் விழித்தவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவருக்கு ஒன்றுமே நினைவில்லை, சர்க்கரை அப்படித் துடைத்துவிட்டிருந்தது. "நானா போட்டுக்கிட்டேன்?" என்று கேட்டார். பிறகு அவரே, "போட்டுக்கிட்டிருப்பேன்" என்றார். இன்றைக்கு இந்தப் படம் பார்த்த பிறகு ஞாபகத்துக்கு மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் நசீமா சொல்வாள். மாத்திரை ஆரம்பித்தால் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் பூனாவுக்கு அழைத்துப் போவதென்று மகன் முடிவு செய்துவிட்டான். தாயுமானவன் தலையாட்டிவிட்டார். அவர் இப்போது எதற்கும் தலையாட்டுகிறார்.

"அம்மா, நல்லாப் பண்றீங்க" என்று காதுக்குள் ஜெரால்டின் குரல். சத்தம் நின்றிருந்தது. "இப்ப அடுத்தது சுலபம். நடுவுல ஒரு கூட்டல் குறி வரும். அதையே பாத்துக்கிட்டு, எதையும் நினைக்காம சும்மா இருங்க."

"எதையும் நினைக்காமலா?"

"ஆமாம்மா. சும்மா."

சும்மா இருப்பதாம். சிரிப்பு வந்தது, அசையக் கூடாதென்று அடக்கிக்கொண்டாள். மறுபடி மில் ஓட ஆரம்பித்தது. கூட்டல் குறி. வெள்ளையாக, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காலையில் வழக்கம்போல் அவர் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள், அப்போதுதான், விரலுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. இதே சதை, இலையின் முன்னால், பாயச வாசனை, இன்னொன்னா, பேசாம உக்காருங்க. பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "என்ன வனஜா?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றாள். முதல் பொய் அதுதான், அந்த ஒண்ணுமில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொன்னால் என்ன, கோபப்படுவார், இரண்டு நாள் பேசமாட்டார், பிறகு காபி கேட்பார். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தாள். சாயங்காலம் மகன் இருந்தான். மகன் போகட்டும் என்று இருந்தாள். மகன் போனபோது ஸ்கூட்டர் சாவியும் போயிற்று, அதற்கப்புறம் சொன்னால் சாவி போனதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூடிக்கொண்டே போயிற்று. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை, இந்தக் குழாய்க்குள் அதைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. பயம். அவர் இல்லையென்றால் இவள். யாருக்காவது ஞாபகம் தப்பியிருக்கிறது என்று வீட்டில் முடிவாகிவிட்ட பிறகு, அது அவரில்லை என்றால் இவள்தான். ரோட்டைக் கடக்கக் கை பிடிக்கப்படுகிறவள், பார்த்தியா என்று பார்க்கப்படுகிறவள். அந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு இவள் பின்னால் நின்றுகொண்டாள். கை தப்பியது வயசு. ஒத்துக்கொள்கிறேன். கேபிளில் ஈரம். ஆனால் வாயைத் திறக்காமல் இருந்தாளே, அதற்குக் கவனம் வேண்டியிருந்தது, நாள் தவறாத கவனம், ஒரு வார்த்தை நழுவாத கவனம். அதில் அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. கூட்டல் குறி கலங்கிற்று, கண்ணீர் காதுப் பஞ்சுக்குள் இறங்கியது, துடைக்க முடியாது, அசையக் கூடாது. சரி, அவர் உள்ளே வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வெளியே போனதும், செருப்பு மாட்டுவதற்கு முன்னாலேயே.

வெளியே வந்து செருப்பு மாட்டினாள், சங்கிலியை மாட்டினாள், சேலையைச் சரிசெய்தாள், முகம் கழுவினாள். அதற்கப்புறம்தான் பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாயுமானவன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். அமாவாசை அன்னிக்கு ரெண்டு ஊசியும் நான்தான் போட்டேன். நீங்க போட்டுக்கல."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் சொன்னாள், மாடி, காக்கை, தங்கச்சி போன், இன்னொன்னா என்று அவர் கேட்டது, இவள் அதட்டியது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நான் பயந்துக்குவேன்னுதானே இப்படிச் சொல்றே? வேணாம் வனஜா."

"இல்லைங்க, சத்தியமா..."

"எனக்குத் தைரியம் சொல்ல நீ ஏன் பழியை ஏத்துக்கறே? டிரங்க் போர்டு பாத்தவ நீ. நீ போய் ரெண்டு தடவை போடுவியா? எனக்குத்தான் மண்டை சரியில்லை, அதை நான் ஒத்துக்கிட்டேன், இப்ப எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார், நிஜமாகவே அவளைத் தேற்றுகிற சிரிப்பு. வனஜாட்சிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உண்மையைக் கொண்டுவந்து மடியில் போட்டால் அதை இரக்கம் என்று எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறாரே. தான் தப்பே பண்ணாதவள் என்று நாற்பது வருஷம் அவரை நம்ப வைத்ததற்கு இதைவிட வேறு என்ன கிடைக்கும்.

கதவைத் திறந்துகொண்டு ஜெரால்டு வந்தான். "சார், அடுத்தது நீங்கதான். உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல? உள்ள ரொம்ப நேரம் ஆகும். காலையில ஊசி போட்டாச்சா, சாப்ட்டாச்சா?"

தாயுமானவன் அவள் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களைக் கேளுங்க தம்பி. அவங்களுக்குத்தான் தெரியும்."

போட்டேன் என்று வாய் கிளம்பிவிட்டது, வழக்கம்போல, யோசிக்காமல். அதைப் பாதியில் பிடித்து நிறுத்தினாள். போட்டாளா? இட்லி எடுத்தது ஞாபகம் வந்தது. ஆட்டோ வாசலில் நின்றது, மஞ்சள் கயிற்றைத் தேடியது, பையைத் தேடியது. சதையைக் கிள்ளிய விரல் இருந்தது, ஆனால் அது இன்றைக்கா, நேற்றா, எல்லாக் காலைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, எது மேலே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடினாள். இன்னும் தேடினாள். ஜெரால்டு காத்திருந்தான். அவர் நம்பிக்கையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை" என்றாள். "போட்டேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை."

"போட்டியே" என்றார் தாயுமானவன். "ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சப்போ. நான் சட்டை மாட்டிட்டிருந்தேன், கீழ்ப் பட்டனைக் கழட்டுங்கன்னு சொல்லி இடது பக்கம் போட்டே. நேத்து வலது பக்கம். அப்புறம் நாலு இட்லி வெச்சே, நான் ஒண்ணை மிச்சம் வெச்சேன், காரச் சட்னின்னா மட்டும் இறங்குதான்னு திட்டினே. அதுக்கப்புறம்தான் நீ கயித்தைத் தேடப் போனே."

"அப்ப சரி சார், பிரச்சினை இல்லை. ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று ஜெரால்டு உள்ளே போனான்.

அவன் போன பிறகும் அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். உதடுகள் மெதுவாக அசைந்தன, இடது பக்கம், நேற்று வலது பக்கம், நாலு இட்லி, ஒன்று மிச்சம். அவர் முதுகு பெஞ்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை, தேற்றுதல் இல்லை. இத்தனை நாளும் எந்தப் பார்வைக்குப் பயந்து ஒளிந்தாளோ அது இது இல்லை, இது வேறு, இதற்குப் பயப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டாவது ஊசி நீ போட்டதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

அது மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னாள்.